காற்று போன வழி

பேருந்தின் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நான்கு விரல்கூட நுழையாது. வலப்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. ஏற்காடு ஏரிக்கும் ஒண்டிக்கடைக்கும் நடுவே, சாலையோரத்தில் இரவெல்லாம் நின்ற சுற்றுலாப் பேருந்து. பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டும் நீர் பேருந்தின் கூரையில் விழுந்து, சாய்ந்த பக்கமாகவே வழிந்து இறங்குகிறது.

ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைபேசியில் முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"சாயங்காலம் ஏத்திக்கிட்டு வந்தப்ப நேராத்தாங்க இருந்துச்சு. காலைல பாத்தா படுத்துக் கெடக்குது. ஆமாங்க, போன மாசம் பலூன் மாத்துனோமே, அதே பக்கந்தாங்க."

பயணிகள் ஒவ்வொருவராக விடுதியிலிருந்து வந்து சேருகிறார்கள். சேர்வராயன் கோயில், பகோடா முனை எல்லாம் பார்த்துவிட்டு மாலைக்குள் சேலம் இறங்க வேண்டிய கூட்டம். சால்வை போர்த்திய பாட்டி ஒருவர் பேருந்தின் சாய்வை மேலும் கீழும் பார்க்கிறார்.

"ஏந்தம்பி, இது மலை எறங்குமா?"

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாட்டியின் கேள்வி அந்த இருபதையும் நினைத்துக் கேட்ட கேள்வி.

சிறிது நேரத்தில் மெக்கானிக் வந்து சேருகிறார். சேலத்திலிருந்து இருசக்கர வண்டியில் ஏறி வந்ததில் மூக்கு நுனி சிவந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். பின்னால், கருவிப் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி ஒரு பையன். வண்டியை நிறுத்தியதும் மெக்கானிக் பையைக் கேட்கவில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டு பேருந்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடக்கிறார். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கச் சொல்கிறார்.

பையன் கட்டையைப் போட்டுவிட்டு, ஒரு சாக்கை விரித்து, படுத்தவாக்கில் பேருந்துக்கு அடியில் தலையை நுழைக்கப் போகிறான். மெக்கானிக்கின் கை சட்டென்று அவன் தோளைப் பற்றி இழுக்கிறது.

"டேய், காத்தை நம்பி உள்ள போவாத. அது நிக்கிற வரைக்குந்தான் வண்டி நிக்கும். போச்சுன்னா சேஸு நேரா ஒன் மேல."

பையன் எழுந்து நிற்கிறான். அவன் முகத்தில் வெட்கம் இல்லை, பயம் இருக்கிறது. அந்தப் பயம் அவனோடு இருக்க வேண்டும் என்றுதான் மெக்கானிக்கும் நினைக்கிறார்போல. அதற்குமேல் ஒன்றும் திட்டவில்லை.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உயிர்ப்பிக்கிறார். காற்றழுத்தம் காட்டும் இரண்டு முள்களும் ஏறத் தொடங்குகின்றன. பேருந்தின் காற்று அமைப்பு 8 பார் அளவுக்கு நிரம்ப வேண்டும். கார் டயரில் நாம் பிடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. முள்கள் அந்த இடத்துக்கு வந்து நின்றதும் எஞ்சினை அணைத்து, பிரேக் மிதியை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள்களையே பார்த்திருக்கிறார். ஒரு நிமிடம் கடக்கிறது. முள்கள் அசையவில்லை.

"பிரேக் காத்து நிக்குது. மத்ததைப் பொறுமையாப் பாத்துக்கலாம்."

ஓட்டுநரின் தோள்கள் சற்றுத் தளர்கின்றன. அவர் மனத்தில் இருந்த பெரிய பயம் அதுதான். அந்தப் பயத்துக்கு வண்டியை வடிவமைத்தவர்கள் முன்பே விடை வைத்திருக்கிறார்கள். எஞ்சினோடு சுழலும் கம்ப்ரஸர் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று ஏர் டிரையரில் ஈரம் நீங்கி, நான்கு வழியாகப் பிரிக்கும் பாதுகாப்பு வால்வுக்குப் போகிறது. அந்த வால்வு பிரேக் தொட்டிகளை முதலில் நிரப்புகிறது. பிறகுதான் கதவு, சஸ்பென்ஷன் எல்லாம். ஒரு வழியில் கசிவு வந்தாலும் மற்ற வழிகளின் காற்று அதோடு சேர்ந்து போய்விடாதபடி அது காக்கிறது. பின்பக்கம் படுத்துக்கொண்ட பேருந்தில் பிரேக் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு வால்வே காரணம்.

இதற்குள் இடப்பக்கம் எழும்பிவிட்டது. பேருந்து நேராக நிற்கிறது. பாட்டி, "சரியாயிருச்சே!" என்கிறார். மெக்கானிக் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாரே தவிர, சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை.

நம் நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிகளில் பெரும்பாலானவை இன்றும் பட்டையில் ஓடுகின்றன. எஃகுப் பட்டைகளை அடுக்கி, யூ போல்ட் போட்டுக் கட்டியது. பட்டை உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படும். சொகுசுப் பேருந்துகளில் பட்டையின் இடத்தில் கனமான ரப்பர்ப் பைகள் உட்கார்ந்திருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் பெல்லோஸ் என்பார்கள்; சாலையில் அது பலூன். 2001இல் வோல்வோ பேருந்துகள் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் நெடுந்தூரப் பயணிகளுக்கு இந்தச் சொகுசு பரவலாகப் பழக்கமானது. பெரம்பூர் ஐசிஎஃப் வடிவமைத்து 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயில்பெட்டிகளும் காற்றுப் பைகளின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சென்னையின் தாழ்தள மாநகரப் பேருந்துகள், சக்கர நாற்காலியில் வருபவருக்காக நிறுத்தத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுப்பதும் இதே காற்றை வெளியே விட்டுத்தான். அங்கே தாழ்வது ஏற்பாடு. இங்கே தாழ்ந்தது கோளாறு. பட்டையின் கோளாறு கண்ணுக்குத் தெரிவதுபோல இது தெரிவதில்லை.

"குளிருக்கு இப்பிடி எறங்குமாண்ணா?" என்று கேட்கிறார் ஓட்டுநர்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. காற்று குளிர்ந்தால் சுருங்கும். சேலத்தில் பிற்பகல் 35 பாகை வெயிலில் நிரம்பிய பலூன், ஏற்காட்டில் விடியற்காலை 15 பாகைக்கு வந்தால், சுமை மாறாதபோது உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு 15இல் ஒரு பங்கு குறைந்துவிடும். வண்டி கொஞ்சம் தாழத்தான் செய்யும்.

மெக்கானிக் இரண்டு கைகளையும் சமமாகக் கீழே இறக்கிக் காட்டுகிறார்.

"குளுருன்னா ரெண்டு பக்கமும் எறங்கோணும். ஒத்தப் பக்கம் எறங்குனா அது குளுரு இல்ல. கசிவு."

சேஸுக்கு அடியில் ஸ்டாண்டுகளை வைத்து, அவை அசைகின்றனவா என்று உதைத்துப் பார்த்த பிறகே இருவரும் உள்ளே போகிறார்கள். பையில் இருந்து முதலில் வெளியே வருவது அளவுநாடா. அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே குறித்த இடத்தில் வலப்பக்கம் அளக்கிறார், இடப்பக்கம் அளக்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைக்கிறார். எஞ்சின் ஓடும்போது சமமாக எழும்புகிறது என்றால், காற்று போகும் அளவைவிட வரும் அளவு அதிகம். பெரிய கிழிசல் இல்லை. நின்ற பின் மெல்ல மெல்லப் போகிற சின்னக் கசிவு.

"எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

கூட்டம் அடங்குகிறது. ஏரிப் பக்கமிருந்து ஒரு வண்டி ஏறி வந்து, கடந்து, அதன் சத்தமும் தேய்ந்து போகிறது. மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, பிடியைக் காதோரம் வைத்து, முனையைப் பலூனின் மேல்தட்டில் தொடுகிறார். அடுத்து கீழ்த்தட்டு. அடுத்து குழாய் சேரும் இடம். கண்களை மூடியிருக்கிறார். பையன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருக்கிறான். கோளாறு எங்கே இருக்கிறது என்பதைவிட, அவர் எப்படிக் கேட்கிறார் என்பதைத்தான் அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு சோப்புத் தண்ணீர். பலூனின் மடிப்பு மடிப்பாகப் பையன் தெளிக்கிறான். ரப்பர் வெடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் மடிப்பில்தான். தெறித்த கல் சிக்கிக்கொள்வதும் அங்கேதான். நுரை வழிந்து இறங்குகிறதே தவிர எங்கும் குமிழ் கட்டவில்லை. குழாய் முனைகளில் தெளிக்கிறான். அங்கும் இல்லை. நைலான் குழாய் குறுக்குச் சட்டத்தில் உராயும் இடத்தை மெக்கானிக் விரலால் தடவிப் பார்க்கிறார். தழும்பு இருக்கிறது, துளை இல்லை.

கைபேசி மறுபடி ஒலிக்கிறது. முதலாளி. ஓட்டுநர் கேட்டுவிட்டு, தயங்கியபடி சொல்கிறார்: "வேற பலூன் வாங்கி அனுப்பட்டுமான்னு கேக்குறாருங்ணா. போன தடவை போட்டதுதான் மட்டமான சாமானா இருக்கும்ங்கிறாரு."

"பலூன் புதுசு. அது மேல ஒரு தப்பும் இல்ல. பழைய பலூன் மேலயும் இருந்திருக்காது."

இந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மூலை தாழ்ந்ததோ அந்த மூலையில் உள்ள பொருளை மாற்றுவது, இந்தத் தொழிலில் அதிகப் பணத்தைத் தின்னும் பழக்கம். விலையுயர்ந்த கார்களிலும் இதே கதைதான். அங்கே கம்ப்ரஸர் தனியே மின்சாரத்தில் ஓடும். ஒவ்வொரு மூலையிலும் உயரம் அளக்கும் சென்சார் இருக்கும். சின்னக் கசிவு ஒன்று இருந்தால், அதை ஈடுகட்ட அந்தக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகிக் கருகிவிடும். ஸ்கேனரைச் சொருகினால் கம்ப்ரஸர் கோளாறு என்ற குறியீட்டைக் காட்டும். கம்ப்ரஸரை மாற்றிவிட்டு, கசிவை விட்டுவிட்டால் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். எங்கே வலிக்கிறது என்று கருவி சொல்லும். ஏன் வலிக்கிறது என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெக்கானிக் இப்போது பலூனை விட்டு நகர்ந்து, அச்சுக்கு மேலே சேஸில் பொருத்தியிருக்கும் உள்ளங்கை அளவுள்ள ஒரு வால்வின் பக்கம் திரும்புகிறார். லெவலிங் வால்வு. அதிலிருந்து நீண்ட கை ஒன்று, ஒரு கம்பியால் அச்சோடு இணைந்திருக்கிறது. ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கை மேலே போகும். பலூனுக்குக் காற்று திறக்கும். ஆட்கள் இறங்கி வண்டி உயர்ந்தால் கை கீழே வரும், காற்று வெளியேறும். கை நடுவில் இருந்தால் இரண்டு வழியும் அடைந்திருக்கும். எத்தனை பேர் ஏறினாலும் இறங்கினாலும் பேருந்து ஒரே உயரத்தில் போவது இந்தக் கையின் அசைவால்தான்.

வால்வின் அடியில் காற்று வெளியேறும் சிறு துளை. அதன்மேல் விரலால் சோப்பு நுரையைத் தடவுகிறார். காத்திருக்கிறார்.

துளையின் வாயில் கடுகளவு ஒரு குமிழ் தோன்றுகிறது. நிற்கிறது. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லப் பருக்கிறது. மிளகளவு. நெல்லிக்காய் அளவு. உடைகிறது. அதே இடத்தில் இன்னொரு கடுகு.

"பாத்தியா?"

பையன் தலையாட்டுகிறான். ஓட்டுநர் குனிந்து எட்டிப் பார்க்கிறார். இரவெல்லாம் பேருந்தைச் சாய்த்தது அந்தக் கடுகுதான்.

மெக்கானிக் அதோடு முடித்துவிடவில்லை. துளையில் கசிவு இருந்தாலே வால்வு கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இணைப்புக் கம்பியின் ரப்பர் புஷ் தேய்ந்து, கை நடுவில் நிற்காமல் கொஞ்சம் கீழே தொங்கினாலும் காற்று வெளியேறும். அப்படியானால் நல்ல வால்வைக் கழற்றி எறிவது இரண்டாவது தவறாகிவிடும். கம்பியைக் கழற்றி, கையைத் தன் விரலால் பிடிக்கிறார். மேலே தூக்குகிறார், பலூனுக்குள் காற்று நுழையும் ஓசை. கீழே இறக்குகிறார், துளையில் சீறல். நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூன்று பேரும் துளையையே பார்க்கிறார்கள். கடுகு மறுபடி தோன்றுகிறது.

"கம்பி நல்லா இருக்குது. உள்ள சீட்டுலதான் அடைக்கல."

அடைக்காமல் போனது ஏன் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. காற்றுத் தொட்டியின் அடியில் தொங்கும் சிறு வளையத்தை இழுக்கச் சொல்கிறார். பையன் இழுக்கிறான். காற்றோடு பால் கலந்த மாதிரி ஒரு திரவம் பீறிட்டுச் சாலையில் விழுகிறது. தொட்டுத் தேய்த்து மோந்து பார்க்கிறார். தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும்.

"டிரையர் காட்ரிஜ் எப்ப மாத்துனீங்க?"

ஓட்டுநர் யோசிக்கிறார். "நான் வந்து மாத்தலைங்ணா."

எல்லாம் ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. டிரையரின் உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் சக்தி இழந்துவிட்டன. காற்றோடு வந்த நீரும் எண்ணெயும் குழாய் வழியே பயணம் செய்து, வால்வின் மெல்லிய ரப்பர் சீட்டில் பிசினாகப் படிந்திருக்கின்றன. மலை இதை வேகப்படுத்தியிருக்கும். ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் மேலே இருக்கிறது. சேலத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே தொட்டியை நிரப்பக் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் உழைக்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக், வளைவுக்கு வளைவு உடல் ஒருபுறம் சாய்ந்து நிமிர்வது, ஒவ்வொரு முறையும் லெவலிங் வால்வுகள் காற்றை வாங்கி விடுவது. உழைப்பு கூடக் கூடச் சூடு கூடுகிறது, எண்ணெய் அதிகம் கசிகிறது. அதோடு சேர்வராயன் மலையின் ஈரக்காற்று.

சாய்ந்தது பின்பக்க இடது மூலை. நோய் தொடங்கியது அங்கிருந்து பல அடி தள்ளி, ஒருவரும் திரும்பிப் பார்க்காத டிரையரில். நடுவில் ஒரு பலூன் வீணாக மாறியிருக்கிறது.

அந்த வழியின் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே வால்வைக் கழற்றுகிறார். பிரித்த உள்பாகத்தைத் துணியில் வைத்துப் பையனிடம் நீட்டுகிறார். ரப்பர் சீட்டின் விளிம்பில் மயிரிழை அகலத்துக்குப் பழுப்புப் பசை. மண்ணெண்ணெயைத் தொடாமல், மெல்லிய துணியால் அதைத் துடைத்தெடுக்கிறார். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். மறுபடி பூட்டி, தொட்டிகளை எல்லாம் வடித்து, எஞ்சினை ஓட்டிக் காற்றேற்றி அணைக்கிறார்.

டீ வருகிறது. எல்லோரும் குடிக்கிறார்கள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சாக்குக்கட்டிக் கோட்டையே பார்த்திருக்கிறார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதும் அளவுநாடாவை எடுத்து அளக்கிறார். இடப்பக்கம் கோட்டில் நிற்கிறது. துளையில் நுரை தடவுகிறார். குமிழ் இல்லை.

"எறக்கலாம். ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. சேலம் போனதும் டிரையர் காட்ரிஜ் மாத்திட்டுத்தான் அடுத்த டிரிப்பு. வலது வால்வையும் பிரிச்சுப் பாத்துருங்க. அதுக்குள்ளயும் இதே பசைதான் இருக்கும்."

பாட்டி முதல் ஆளாகப் பேருந்தில் ஏறுகிறார்.

கூலி பேசும்போது கைபேசி ஓட்டுநரிடமிருந்து மெக்கானிக்குக் கை மாறுகிறது. முதலாளியின் குரல் வெளியே கேட்கிறது: ஒரு வால்வைத் துடைத்ததற்கா இவ்வளவு? சாமான் ஒன்றும் போடவில்லையே? மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. சாமான் போடாமல் முடித்ததற்குத்தான் கேட்கிறேன் என்கிறார். எதிர்முனையில் கொஞ்சம் பேரம் நடக்கிறது. கேட்டதில் ஒரு பகுதி குறைந்த பிறகு முடிகிறது. பையன் கருவிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பையில் அடுக்குகிறான்.

நம் பணிமனைகளின் ரசீதில் சாமானுக்கு ஒரு வரி இருக்கிறது, மாட்டியதற்கு ஒரு வரி இருக்கிறது. கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. அதனால்தான் கண்டுபிடிக்கத் தெரியாதவர் சாமானை மாற்றிப் பிழைக்கிறார். தெரிந்தவர் தன் அறிவைக் கூலிக்குள் ஒளித்து வைத்துப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. இது நீடித்தால் அந்தப் பையன் இன்று கற்றதைக் கைவிட்டு, மாற்றிப் போடுகிற வேலைக்கே போய்விடுவான். நாளை மலையில் நிற்கும் நம் வண்டிக்கு அடியில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கமாட்டார்.

உங்கள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள். காற்று எந்த வழியே போகிறது, ஏன் போகிறது என்று கேளுங்கள். அதைக் காட்டித் தருகிறவருக்கு, ஒரு திருகாணிகூட மாற்றாமல் போனாலும், கேட்ட கூலியை முழுதாகக் கொடுங்கள்.